மூங்கில் குழாயும் இத்தாலி ஜாடியும்

சென்னையிலிருந்து திருத்தணிக்குக் காரில் கிளம்பும் குடும்பங்கள் திருவள்ளூரைத் தாண்டியதும் பட்டரைபெரும்புதூர் டோல்கேட்டில் நிற்கும். ஃபாஸ்டேக் பதிவானதும் தடுப்புக் கட்டை மேலே எழும். பின் சீட்டுப் பிள்ளைகள் 'மலை தெரியுதா?' என்று எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அந்த ஊர் மண்ணைத் தமிழகத் தொல்லியல் துறை 2015-16-ல் தோண்டிப் பார்த்தது. கற்கால மனிதனின் கருவிகள், தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள், சுடுமண் உறைகளை அடுக்கிக் கட்டிய கிணறு என்று அடுக்கடுக்காக வந்தன. டோல்கேட் இன்றைக்கு வந்ததுதான். அந்த வழியில் மனித நடமாட்டம் மிகப் பழையது.

அந்த வழியின் முடிவில் தணிகை மலை. சூரபத்மனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பது தல வரலாறு. ஆண்டுக்கு 365 நாள் என்ற கணக்கில் 365 படிகள். ஆறுபடை வீடுகளில் இது ஐந்தாவது. 'திருமுருகாற்றுப்படை'யின் ஐந்தாம் பகுதியான குன்றுதோறாடலை மரபு இந்த மலையோடு சேர்த்துச் சொல்கிறது.

பக்தியோடு அந்த நூலைப் படிப்பவர்கள்கூடச் சட்டென்று கடந்துபோகும் காட்சி ஒன்று அந்தப் பகுதியில் இருக்கிறது. மலைச் சிற்றூர்க்காரர்கள் நெடிய மூங்கில் குழாயில் தேனை ஊற்றிப் புளிக்க வைக்கிறார்கள். அது முற்றித் தெளிந்ததும் உற்றார் உறவினரோடு குடித்து மகிழ்கிறார்கள். தொண்டகப் பறையை முழக்கிக் குரவை ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவே முருகன் வருகிறான். மூங்கிலில் விளைந்த அந்தப் பானத்தை நக்கீரர் 'தேறல்' என்கிறார்.

தேறல் என்றால் தெளிந்தது. கலங்கல் கீழே தங்கி, மேலே நிற்கும் தெளிவு.

அதே பெயர், வேறு பானம்

நக்கீரர் பெயரில் புறநானூற்றிலும் ஒரு பாட்டு உண்டு. எண் 56. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டிய மன்னனைப் பாடியது. சிவன், பலராமன், திருமால், மயில் கொடி உயர்த்திய முருகன் ஆகிய நால்வரோடும் மன்னனை ஒப்பிட்டுப் புகழ்கிறது. பிறகு வாழ்த்துகிறது: இரப்பவர்க்கு இல்லை என்னாமல் கொடு; யவனர் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறலை வளையணிந்த பெண்கள் பொன் கிண்ணத்தில் ஊற்றித் தர, நாள்தோறும் மகிழ்ந்து வாழ்.

இரண்டு நக்கீரரும் ஒருவர்தான் என்பது மரபு. ஆற்றுப்படை பாடியவர் பிற்காலத்தவர் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், இரண்டு பாட்டிலும் சொல் ஒன்றுதான். மலைக்குறவர் மூங்கிலில் இருப்பதும் தேறல். கடல் தாண்டி வந்து மன்னனின் பொன் கிண்ணத்தில் விழுவதும் தேறல்.

யவனர் என்று தமிழர் முதலில் அழைத்தது கிரேக்கரை. பிறகு ரோமப் பேரரசிலிருந்து வந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் நின்றது. அவர்கள் கொண்டுவந்த தேறல் எந்த ஊர்த் தேறல்?

உ.வே.சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மண்ணுக்குள் யாரும் தேடியிருக்கவில்லை. மன்னனைப் புகழ வந்த புலவர் நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கவும் இடம் இருந்தது.

எழும்பூர் அலமாரியில் கிடைத்த கைப்பிடி

பதில் ஓர் அலமாரியில் இருந்தது. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஓர் அலமாரியில் உடைந்த ஜாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும் கிடந்தன. ஐரோப்பாவில் ரோமானியர் ஊர்களைத் தோண்டிப் பழகியவர் அவர். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ரோமானியர் ஒயின் அனுப்பும் ஜாடி அது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், புதுச்சேரிக்குப் பக்கத்திலிருந்து என்றார்கள்.

அடுத்த ஆண்டே, 1945-ல், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டைத் தோண்டினார் வீலர். அந்தத் துண்டுக்கு உறவான துண்டுகள் மேலும் மேலும் வந்தன. 1989-லிருந்து விமலா பெக்லி தலைமையில் அங்கே மறுபடி அகழாய்வு நடந்தது. பாலாற்றுக் கழிமுகத்துக்கு அருகே இருக்கும் வசவசமுத்திரத்திலும் இத்தகைய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கேரளத்தில் பழைய முசிறியாகக் கருதப்படும் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ஏராளமாக வந்தன.

இந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பெயர். இடுப்புயரத்துக்கும் மேலே நிற்கும். அடி கூர்மையாக இருக்கும். தரையில் தனியாக நிற்காது. கப்பலின் வயிற்றில் வரிசையாகச் செருகி அடுக்கத்தான் அந்த வடிவம். இந்தியாவில் அதிகம் தென்படும் வகைக்கு, இரண்டு குச்சிகளை ஒட்டி வைத்ததுபோல இரட்டைக் கைப்பிடி. ஏறத்தாழ 26 லிட்டர் பிடிக்கும். இன்றைக்கு வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளே கசியாமலிருக்க மரப்பிசின் பூசியிருப்பார்கள். வாயைத் தக்கையால் அடைத்து, மேலே காரை பூசி முத்திரை வைப்பார்கள்.

கறுப்பு மணல் சொன்ன ஊர்

ஒயின் ஆவியாகிப் போனது. ஜாடி உடைந்தது. ஊர் எப்படித் தெரிந்தது?

மண்தான் சொன்னது. பானை ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குயவர் பிசைந்த களிமண்ணில் என்ன மணல் கலந்திருந்தது என்று தெரியும். அரிக்கமேட்டிலும் பட்டணத்திலும் கிடைத்த சில துண்டுகளில் பளபளக்கும் கறுப்புத் துகள்கள் இருந்தன. எரிமலைப் பாறை நொறுங்கி உண்டான மணல் அது. இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய கடற்கரைக்கு உரிய அடையாளம். வெசூவியஸ் எரிமலை நிற்கும் அந்தப் பகுதிக்கு அன்றும் இன்றும் கம்பானியா என்று பெயர்.

அந்த நாளில் ரோமானிய உலகத்திலேயே பேர்போன ஒயின் அந்தக் கரையில்தான் விளைந்தது. கம்பானியாவின் வட எல்லையில் மாசிக்கோ மலைச் சரிவில் வளர்ந்த கொடிகளிலிருந்து வந்த ஃபலேர்னியன். அது வெள்ளை வகை ஒயின். ஜாடியில் பல வருடம் இருந்தால் தேன் நிறத்துக்கு மாறும். ரோமானிய அறிஞர் பிளினி அதில் மூன்று வகை சொல்கிறார். ஒன்று இனிப்பு. ஒன்று மென்மை. இன்னொன்று இனிப்பே இல்லாத துவர்ப்பு. இன்றைக்கு 'டிரை ஒயின்' என்று சொல்கிறார்களே, அந்த ரகம்.

'டிரை' என்றதும் உலர்ந்த ஒயின் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிரிகள் தின்று ஆல்கஹாலாக மாற்றுகின்றன. சர்க்கரை பெரும்பாலும் தீரும்வரை விட்டால் இனிப்பு போய்விடும். அதுதான் டிரை. பாதியில் நின்றால் இனிப்பு மிஞ்சும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலைப் பிரித்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். கலங்கல் அடியில் தங்கத் தங்க மேலே தெளிந்துகொண்டே வரும். தேறல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

பாம்பேய் நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். சாதாரண ஒயின் ஒரு செப்புக்காசு. அதைவிட நல்லது இரண்டு காசு. ஃபலேர்னியன் நான்கு காசு. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்து நகரத்தையே சாம்பலால் மூடியதால் அந்தப் பட்டியல் அழியாமல் தப்பியது. பிளினி உயிர்விட்டதும் அந்த வெடிப்பில்தான். மக்களைக் காப்பாற்றக் கப்பலில் போனவர் கரையிலேயே இறந்தார்.

ஆடிக் காற்றில் வந்த கப்பல்

ஆடி மாதம் பிறந்தால் திருத்தணிக்குக் காவடிகள் கிளம்பும். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படிகளில் பூக்காவடிகளின் வரிசை ஓயாது. அம்மியும் பறக்கும் என்று சொல்கிற அந்த ஆடிக் காற்று, தென்மேற்குப் பருவக்காற்றின் ஒரு வீச்சு. யவனக் கப்பல்கள் நம்பி இருந்ததும் அந்தப் பருவக்காற்றைத்தான்.

இத்தாலி ஜாடியின் பயணம் நீண்டது. நேப்பிள்ஸ் அருகே உள்ள புத்தியோலி துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடல் தாண்டி எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் படகு. கோப்டோஸ் என்ற ஊரில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடந்தால் செங்கடல் துறைமுகங்களான பெரனிகேயும் மையோஸ் ஹார்மோஸும். பெரனிகேயில் கிடைத்த சுங்கச் சீட்டுகள், ஓட்டுச் சில்லில் மையால் எழுதியவை. கப்பலேறப் போகும் ஜாடிகளின் பட்டியலில் 'இத்தாலிக்கா' என்று ஒரு வகை இருக்கிறது. இத்தாலி ஒயின் என்று பொருள்.

ஜூலை வாக்கில் கப்பல் அங்கிருந்து புறப்படும். செங்கடல் வாசலைத் தாண்டிவிட்டால் நாற்பது நாளில் முசிறி வந்துவிடலாம் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். திரும்பிப் போகும்போது மிளகு, முத்து, தந்தம், மெல்லிய துணி. பெரனிகேயில் ஒரு கோயிலுக்குள் புதைந்த பெரிய பானையில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதே ஊரில் தமிழ்ப் பிராமியில் பெயர் எழுதிய ஓட்டுச் சில்லும் கிடைத்திருக்கிறது. பாம்பேயின் சாம்பலுக்கு அடியில் 1938-ல் இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று கிடைத்தது. ஒயின் போன வழியிலேயே எதிர்த் திசையில் போன பொருள்.

ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று குறைப்பட்டவரும் பிளினிதான். மிளகுக்கும் முத்துக்கும் ரோமானியர் கொடுத்தது பெரும்பாலும் காசு. ஒயின் கொஞ்சம்தான். அந்தக் காலத்துக் கிரேக்க வணிகக் கையேடான 'பெரிப்ளூஸ்', குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு ஒயின் போகிறது, அதிலும் முக்கியமாக இத்தாலி ஒயின் என்கிறது. முசிறிப் பக்கம் வரும்போது, ஒயின் உண்டு, ஆனால் அதிகம் இல்லை என்கிறது.

அதிகம் இல்லாததால்தான் அது பொன் கிண்ணத்துக்குப் போனது. நக்கீரர் கூட்டிச் சொல்லவில்லை. பார்த்ததை, அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்.

எல்லா ஜாடியையும் இத்தாலிக்கு எழுதிவைத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அரிக்கமேட்டுத் துண்டுகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினுக்கு உரியவை நிறைய. அங்கே ஒயினில் கடல்நீரைக் கலப்பார்களாம். ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளும் உண்டு. ரோமானியர் ஜாடி என்று முன்பு எழுதி வைத்திருந்த சில துண்டுகளை ராபர்ட்டா டாம்பர் என்ற அறிஞர் மறுபடி சோதித்தபோது, அவை மெசப்பொட்டேமியாவில், இன்றைய இராக் பக்கத்தில், செய்தவை என்று தெரிந்தது. உள்ளே பூசியிருந்தது கீல். உடைந்த ஓட்டைக்கூட ஒரு முறை பார்த்தால் போதாது.

அந்தக் கரையில் இன்று

ஃபலேர்னியன் காலம் முடிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. கம்பானியாக் கடற்கரை இன்றும் வெள்ளை ஒயினை விடவில்லை. நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி கரை. மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. சமதரை என்பதே கிடையாது. சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக மண் நிரப்பி, எலுமிச்சையும் திராட்சையும் வளர்க்கிறார்கள். ஃபுரோரே என்ற ஊரில் கொடிகள் அந்தக் கற்சுவரின் இடுக்கிலிருந்தே பக்கவாட்டில் நீண்டு படர்கின்றன. டிராக்டர் ஏற வழியில்லை. பறித்த பழத்தைக் கூடையில் சுமந்துதான் இறக்க வேண்டும். தணிகை மலைப் படிகளில் காவடி தூக்கியவர்களுக்கு அந்த முழங்கால் வலி தெரியும்.

அங்கே விளையும் 'கோஸ்தா தமால்ஃபி பியாங்கோ' இனிப்பில்லாத வெள்ளை ஒயின். ஃபலாங்கினா, பியாங்கொலெல்லா என்ற இரண்டு திராட்சைகளே அதற்கு அடிப்படை. ஒன்று புளிப்பும் உறுதியும் தரும். மற்றது மென்மையும் மணமும் தரும். கூடவே ஃபெனீலே, ஜினெஸ்திரா, ரிப்போலி என்று அந்தக் கரையை விட்டால் வேறெங்கும் காண்பதற்கு அரிதான உள்ளூர் ரகங்களையும் கலக்கிறார்கள். பல ரகம் கலப்பது விவசாயிக்குக் காப்பீடு போல. ஒரு கொடி ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும். 1995-லிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் கரையில், அந்த ரகங்களில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஏறக்குறைய இதே நியாயத்தில்தான். பழம் நல்ல பழம் என்பதோடு நிற்காமல், எந்த ஊர்ப் பழம் என்பதும் சொத்தாகிறது.

அமால்ஃபி கரை 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கேயும் கவலை இருக்கிறது. கற்சுவர் சரிந்தால் மறுபடி அடுக்கத் தெரிந்த கைகள் வேண்டும். ஒரு சுவரைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த பெரிய மழையில் அதன் மேலே உள்ள மண்ணும் கொடியும் சேர்ந்து கீழே வந்துவிடும்.

மண்ணில் மிஞ்சுவதும் பாட்டில் மிஞ்சுவதும்

இங்கே உள்ள கவலை வேறு. அரிக்கமேட்டின் ஒரு பக்கத்தை ஆறே அரித்துவிட்டது. பழைய ஊர்கள் புதைந்த மேடுகளில் மண் அள்ளுகிறார்கள், மனை போடுகிறார்கள். பொக்லைன் ஒரு வாரி வாரும்போது எந்த அடுக்கில் எது இருந்தது என்ற கணக்கு போய்விடும். ஓடு மட்டும் கிடைத்துப் பயனில்லை. அது எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் சேர்ந்தால்தான் அது பேசும். அலமாரியில் கிடந்த கைப்பிடியைப் பார்த்த வீலர் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் அரிக்கமேட்டுக்கே போனதற்குக் காரணம் இதுதான்.

வயலில் கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ எழுத்துக் கீறிய ஓடு, விநோதமான கைப்பிடி, மணி, காசு தென்பட்டால் வேலையைச் சற்று நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ சொல்வது நல்லது. இருந்த இடத்திலேயே வைத்து ஒரு போட்டோ எடுக்க எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. பட்டரைபெரும்புதூரில் ஒரு குழிக்குள் இத்தனை காலம் அடங்கியிருந்தது என்றால், திருத்தணி வரையிலான வழி நெடுக இன்னும் என்னென்ன காத்திருக்கிறதோ!

இரண்டு தேறல்களில் ஒன்றுக்கு மண் சாட்சி சொல்லிவிட்டது. பொன் கிண்ணத்தில் ஊற்றிய யவனத் தேறலை வெறும் புலவர் கற்பனை என்று இனி யாரும் தள்ள முடியாது. சூளையில் வெந்த களிமண் இரண்டாயிரம் வருடம் தாங்கும்.

மூங்கில் தாங்காது. குன்றுதோறாடலில் வரும் குறவர்கள் தேன் ஊற்றி வைத்த மூங்கில் குழாய் மக்கி மண்ணாகிவிட்டது. எந்த அகழாய்விலும் அது வெளியே வரப் போவதில்லை. தொண்டகப் பறையின் தோலும் மரமும் அப்படித்தான். அந்தச் சிற்றூர்க்காரர்கள் யார், எப்படி மகிழ்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பாட்டு ஒன்றுதான் சாட்சி. மன்னனின் கிண்ணத்தைப் பாடிய அதே பெயருள்ள புலவர், பெயரே தெரியாத மலைவாசிகளின் குழாயையும் விட்டுவிடவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்தார்.

அடுத்த முறை தணிகை மலையில் படியேறும்போது மூச்சு வாங்க நடுவில் உட்கார நேர்ந்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். மூங்கில் குழாயில் தொடங்கி இத்தாலிக் கடற்கரை வரை போய்த் திரும்புவதற்குள் மீதிப் படிகளும் ஏறி முடிந்திருக்கும்.